மல்லாட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில், மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் முன்னாள் அரசுப் பள்ளி மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உங்கள் முன்னால் நிற்கும்போது இன்னமும் கையைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றுகிறது. மைக்கைப் பிடித்திருப்பதால் முடியவில்லை. பதினோரு ஆண்டுகளாக ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இருந்தாலும் ஆசிரியர்கள் நிறைந்த அறைக்குள் வந்துவிட்டால் நான் பழைய மாணவிதான்.

'அரசுப் பள்ளியில் படித்துச் சாதித்தவர்' என்று என்னை அறிமுகம் செய்தார்கள். சாதனை பற்றிப் பேச நான் வரவில்லை. ஒரு பட்டதாரி பெரிய நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது என்னென்ன நடக்கிறது, நேர்காணல் அறையில் நம் பிள்ளைகள் எந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள், அந்த இடத்துக்கும் உங்கள் வகுப்பறைக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். நேர்காணல் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் நான். அந்த ஒரு தகுதியில்தான் பேசுகிறேன்.

மூன்று முறை தோற்ற கதை

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிற்றூர் என் ஊர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். அம்மா அந்த நிலத்திலும், ஊராருடைய நிலத்திலும் வேலை செய்வார். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தேன். 2010இல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை அந்த ஆண்டுதான் வந்தது. தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழுக்காக அப்பாவும் நானும் நின்ற வரிசை இன்னும் நினைவில் இருக்கிறது. சலுகை போக மீதிச் செலவுக்கு வங்கியில் ஒன்றரை லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கினோம். படிப்பு முடிந்து ஓராண்டு ஆனதும் தவணை தொடங்கிவிடும். அதற்குள் எனக்கு வேலை கிடைத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் வேறு கணக்கே கிடையாது.

2013இல், நான்காம் ஆண்டின் தொடக்கத்தில், கல்லூரிக்கு நிறுவனங்கள் வரத் தொடங்கின. வளாக நேர்காணல் என்று சொல்கிறோமே, அது ஒரே நாளில் முடியும் ஒரு நேர்காணல் இல்லை. பல வாசல்கள். முதல் வாசல், விண்ணப்பம். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பில் 60, கல்லூரியில் 60, நிலுவையில் அரியர் எதுவும் இருக்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் கேட்டன. இரண்டாவது வாசல், ஆப்டிட்யூட் என்கிற திறனறித் தேர்வு. கணக்கு, தர்க்கம், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். மூன்றாவது, சில நிறுவனங்களில் குழு விவாதம். நான்காவது, பாடம் சார்ந்த தொழில்நுட்ப நேர்காணல். கடைசியாக ஹெச்.ஆர். என்று சொல்லப்படும் மனிதவளப் பிரிவின் நேர்காணல்.

முதல் நிறுவனத்தில் குழு விவாதம். பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்தார்கள். தலைப்பு கொடுத்து இரண்டு நிமிடம் யோசிக்கச் சொன்னார்கள். யோசித்தேன், சொல்ல நான்கு கருத்துகள் இருந்தன. யாராவது என்னைப் பார்த்து "நீ சொல்" என்பார்கள் எனக் காத்திருந்தேன். பள்ளியில் அப்படித்தானே பழக்கம்? கேட்டால்தான் பேச வேண்டும். பதினைந்து நிமிடமும் யாரும் கேட்கவில்லை. ஒரு சொல்கூடப் பேசாமல் வெளியே வந்தேன்.

இரண்டாவது நிறுவனத்தில் தொழில்நுட்ப நேர்காணல். ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்து, மனப்பாடமாகத் தெரிந்த வேறொரு பதிலைச் சொன்னேன். எதிரில் இருந்தவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டு, கோப்பை மூடினார்.

மூன்றாவது நிறுவனத்தில் கடைசி வாசல் வரை போனேன். முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்." உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். விடுதியில் அக்காமார்கள் எழுதிக் கொடுத்த எட்டு வரிகள் மனப்பாடமாக இருந்தன. "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். மை மதர் இஸ் எ ஹவுஸ்ஒய்ஃப். மை ஹாபீஸ் ஆர் லிஸனிங் மியூசிக் அண்ட் ரீடிங் புக்ஸ்." நான் இதைச் சொன்ன அந்த நேரத்தில் என் அம்மா யாரோ ஒருவர் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். 'ஹவுஸ்ஒய்ஃப்' என்று சொல்லும்போது எனக்கு அது பொய்யாகக்கூடத் தெரியவில்லை. அது பாடம். பாடத்தில் அப்படித்தான் இருந்தது.

அந்த அம்மையார் கனிவாகவே அடுத்த கேள்வியைக் கேட்டார். "அப்பா விவசாயியா? என்ன பயிர் செய்கிறார்?"

என் எட்டு வரியில் இதற்குப் பதில் இல்லை. மல்லாட்டை. எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை அப்படித்தான் சொல்வோம். அதற்கு ஆங்கிலத்தில் என்ன? 'கிரவுண்ட்நட்' என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் வரவில்லை. மல்லாட்டை, மல்லாட்டை என்றே மனத்துக்குள் ஓடியது. விதைப்பதிலிருந்து காய் பறிப்பது வரை என் கையால் செய்த ஒரு பயிரைப் பற்றி, ஒரே ஒரு சொல் வராததால், ஒன்றுமே தெரியாதவள்போல உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு "ஓகே, தேங்க் யூ" என்றார்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். "கிடைக்கலப்பா" என்றேன். "என்ன கேட்டாங்க?" என்றார். "என்ன பயிர் வெக்கறீங்கன்னு கேட்டாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கஷ்டமான கேள்விப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"தமிழிலேயே சொல்லும்மா"

நான்காவது நிறுவனம் 2014 பிப்ரவரியில் வந்தது. நேர்காணல் செய்தவர் நடுத்தர வயதுக்காரர். அதே கேள்வி, அதே எட்டு வரி. நடுவிலேயே நிறுத்தினார். "இது எல்லாரும் சொல்றதும்மா. உங்க வீட்ல என்ன பயிர்?"

மறுபடியும் அதே இடம். இந்த முறை வாய் தவறி, "மல்லாட்டை சார்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "சரி, தமிழிலேயே சொல்லும்மா. எப்படி வெப்பீங்க?"

சொன்னேன். ஆடியில் மழை பெய்து ஈரம் பிடித்ததும் விதைப்போம், நூற்றைந்து நாள் பயிர், நாற்பது நாற்பத்தைந்தாவது நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்போம் என்றேன். "ஜிப்சம் எதுக்கு?" என்று கேட்டார். செடியிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும், அந்தக் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து மண்ணிலிருந்தே நேராகக் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் பொக்குக் காய் ஆகிவிடும், மண் அணைத்த பிறகு செடியைக் கிளறக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"இந்த வரவு செலவை உங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். எப்படிப் பிரிப்பே?" என்றார்.

விவசாயிக்கு ஓர் அட்டவணை, நிலத்துக்கு ஓர் அட்டவணை, செலவுக்குத் தேதிவாரியாக ஓர் அட்டவணை என்றேன். "ஒண்ணோட ஒண்ணை எதை வெச்சு இணைப்பே? பேரை வெச்சா?" என்றார். "பேர் சரிப்படாது சார். எங்க ஊர்ல ஒரே பேர்ல நாலு பேர் இருக்காங்க. நிலத்துக்குச் சர்வே எண்ணும் உட்பிரிவும் வெச்சுக்கலாம். ஆளுக்குத் தனியா ஓர் எண் கொடுக்கணும்" என்றேன். தரவுத்தளப் பாடத்தில் இதற்கு 'பிரைமரி கீ' என்று பெயர். வரையறையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருக்கிறேன். அது எதற்காக இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு, "இப்போ இதையே இங்கிலீஷ்ல சொல்லு, தப்புத் தப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். தப்புத் தப்பாகத்தான் சொன்னேன். சொல்ல வேண்டியது என்னவென்று தெரிந்திருந்ததால் நிற்காமல் சொன்னேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் தெரியவில்லை. "தெரியாது சார். ஆனா இப்படி இருக்கலாம்னு நினைக்கிறேன்" என்று ஒரு யோசனையைச் சொன்னேன். அது தவறான யோசனைதான். எங்கே தவறு என்று அவரே காகிதத்தில் வரைந்து காட்டினார். மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது.

'தெரியாது, ஆனால் இப்படி இருக்கலாம்' என்ற அந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து வந்தது? எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த ஆசிரியையிடமிருந்து. "தெரியாதுன்னு சொல்லு, தப்பில்ல. ஆனா அதோட உட்காராத. எதுவரைக்கும் தெரியுமோ அதைச் சொல்லிட்டு உட்காரு" என்பார். மற்ற வகுப்புகளில் தெரியாது என்றால் நிற்க வேண்டும், அல்லது முட்டி போட வேண்டும். அவர் வகுப்பில் மட்டும் தெரியாததற்குப் பிறகும் பேச இடம் இருந்தது. கல்லூரியில் நான்கு ஆண்டுகளில் மறந்துபோன பழக்கம், நல்ல வேளையாக அன்று திரும்பி வந்தது.

மேசையின் அந்தப் பக்கம்

ஐந்து ஆண்டுகளாக நானும் நேர்காணல் செய்கிறேன். ஒரு நாளில் பன்னிரண்டு, பதினைந்து பேர் வருவார்கள். ஒருவருக்கு இருபது முப்பது நிமிடம். எங்கள் கையில் ஒரு படிவம் இருக்கும். பாட அறிவு, சிக்கலை அணுகும் விதம், கருத்தைத் தெரிவிக்கும் திறன், கற்றுக்கொள்ளும் விருப்பம் என்று அதில் கட்டங்கள் உண்டு. உச்சரிப்பு அழகு என்று ஒரு கட்டம் கிடையாது. அதற்காக ஆங்கிலமே வேண்டாம் என்று நான் சொன்னால் அது பொய். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேச வேண்டிய வேலை இது. மின்னஞ்சல் எழுத வேண்டும், கேட்டதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த அளவு ஆங்கிலத்தை வேலையில் சேர்ந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டவர்கள் என் குழுவிலேயே பலர் இருக்கிறார்கள். இருபத்தொரு வயது வரை தன் மனத்தில் உள்ளதை ஒரு பெரியவரிடம் எந்த மொழியிலும் எடுத்துச் சொல்லிப் பழகாதவருக்குத்தான் ஆறு மாதம் போதவில்லை.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் செய்த ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். விண்ணப்பத்தைப் பார்த்தேன். தமிழ் வழி, அரசுப் பள்ளி, என் மாவட்டம். திறனறித் தேர்வில் நல்ல மதிப்பெண். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். எழுந்து நின்றார். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்து அதே எட்டு வரியைச் சொன்னார். பத்து ஆண்டுகள் ஆகியும் அதில் ஒரு வரிகூட மாறவில்லை. அடுத்த கேள்விக்கு மறுபடியும் எழுந்தார், பதில் வரவில்லை. வியர்த்துக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "தமிழிலேயே சொல்லுங்க தம்பி" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒருவர் செய்ததை நான் இவருக்குச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பக்கத்தில் வேறு ஊரைச் சேர்ந்த மூத்த சக ஊழியர் இருந்தார். நான் சட்டென்று தமிழுக்கு மாறினால், எங்கிருந்து வந்தவள் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்று ஒரு கூச்சம். ஆங்கிலத்திலேயே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அவர் பேசவில்லை. படிவத்தில் 'தேர்வாகவில்லை' என்று குறித்தேன். எழுந்து "தேங்க் யூ மேம்" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பின்பக்கமாகவே நடந்து கதவு வரை போனார்.

அந்தத் தம்பிக்கு வேறு எங்காவது வேலை கிடைத்திருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என் நேர்காணல்களில் முதல் ஐந்து நிமிடம், மாணவருக்கு எந்த மொழி வருகிறதோ அதில்தான் நடக்கிறது. ஆனால் எல்லா மேசையிலும் அப்படி நடக்காது. நேர்காணல் செய்பவரின் மனநிலையை நம்பி நம் பிள்ளைகளை அனுப்ப முடியாது. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது

பள்ளிக்கூடம் நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடமா என்று சிலர் மனத்தில் கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. நேர்காணல் பயிற்சி நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு அந்தப் பயிற்சியைத் தர, 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. நான் சொல்லும் பழக்கம் கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா பற்றிக் கேட்கவும் வேண்டும், மருத்துவரிடம் வலி எங்கே என்று சொல்லவும் வேண்டும், வங்கியில் கடனுக்குப் பேசவும் வேண்டும். நிறுவன நேர்காணல் அதில் ஓர் இடம், அவ்வளவுதான்.

உங்களுக்குப் பாடத்திட்டம் இருக்கிறது, பதிவேடுகள் இருக்கின்றன, எமிஸ் இருக்கிறது, ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரியும். அதனால் சிறிய செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு முதலில். நாளுக்கு ஒரு பிள்ளை, மூன்று நிமிடம். வீட்டில் நடந்த ஒன்றைத் தமிழில் சொல்லட்டும். ஆடு குட்டி போட்டது, அப்பா டயருக்குப் பஞ்சர் ஒட்டியது, பாட்டி வடகம் பிழிந்தது, எதுவாக இருந்தாலும் சரி. சொல்லி முடித்ததும் மற்ற பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கட்டும். அந்த இரண்டு கேள்விதான் முக்கியம். தயாரித்து வந்ததை ஒப்பிப்பது வேறு, எதிர்பாராத கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வது வேறு. நேர்காணலில் நாங்கள் பார்ப்பது இரண்டாவதை. எட்டு வரிக்கு அப்பால் ஒன்பதாவது வரியைத்தான் கேட்போம்.

அடுத்து, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கு. திறனறித் தேர்வில் வருவது பெரும்பாலும் உங்கள் பாடம்தான். விகிதம், விழுக்காடு, இலாப நட்டம், வட்டி, காலமும் வேலையும். ஒரு மாதிரி சொல்கிறேன். ஒரு பொருளின் விலையை 20 விழுக்காடு ஏற்றி, பிறகு 20 விழுக்காடு தள்ளுபடி தந்தால் இலாபமா, நட்டமா? பொறியியல் நான்காம் ஆண்டு மாணவர்கள் பலர் இரண்டும் இல்லை என்கிறார்கள். 100 ரூபாய் 120 ஆகிறது. 120இல் 20 விழுக்காடு 24 ரூபாய். மிஞ்சுவது 96. நான்கு விழுக்காடு நட்டம். இன்னொன்று. ஒருவர் 6 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 12 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? சூத்திரத்தைத் தேடுபவர் தவிப்பார். எங்கள் ஆசிரியை நடவு ஆள் கணக்காகச் சொல்லித் தந்தார். ஒரு நாளில் முதலாமவர் ஆறில் ஒரு பங்கு நடுவார், இரண்டாமவர் பன்னிரண்டில் ஒரு பங்கு. சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு. ஆக நான்கு நாள். இந்தக் கேள்விக்கு அங்கே ஒரு நிமிடம்தான் தருவார்கள். எட்டாம் வகுப்பில் புரிந்துகொண்டவருக்கு ஒரு நிமிடம் தாராளம். நான்கு நிறுவனங்களிலும் இந்த வாசலில் மட்டும் நான் நிற்கவே இல்லை. அதற்குக் காரணம் அந்த ஆசிரியைதான்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒன்று. 'மைசெல்ஃப்' பத்தியைக் கரும்பலகையில் எழுதி எல்லோரையும் ஒரே மாதிரி எழுத வைக்காதீர்கள். அவரவர் வீட்டைப் பற்றி உண்மையாக நான்கு வரி போதும். அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தால் அதை அப்படியே எழுதட்டும். அந்தச் சொல் ஆங்கிலத்தில் தெரியாவிட்டால் பிள்ளை உங்களிடம் கேட்கும். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்ட சொல் மறக்காது. நான் 'கிரவுண்ட்நட்' என்ற சொல்லைப் புத்தகத்தில் பார்த்தேனே தவிர, எங்கள் கழனியோடு சேர்த்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதனால்தான் வேண்டிய நேரத்தில் வரவில்லை.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பணியாற்றுவோருக்கு இரண்டு செய்திகள். ஒன்று, மதிப்பெண். அந்த 60 விழுக்காட்டு நிபந்தனை காரணமாக, பத்தாம் வகுப்பில் 58 எடுத்த என் தோழி, கல்லூரியில் என்னைவிட நன்றாகப் படித்தும் இரண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. எல்லா நிறுவனங்களும் இப்படிக் கேட்பதில்லை. கேட்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. 'பாஸ் ஆனால் போதும்' என்று நினைக்கும் பிள்ளையிடம், மிரட்டாமல், இந்தக் கணக்கை ஒருமுறை சொல்லிவையுங்கள்.

இரண்டு, பெயர். வேலை உறுதியான பிறகு நிறுவனங்கள் சான்றிதழ்களைச் சரிபார்க்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம், ஆதார், பான் அட்டை எல்லாவற்றிலும் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒத்துப்போக வேண்டும். என் குழுவில் சேர வேண்டிய ஒரு பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரில் ஆங்கில 'எச்' எழுத்து இருந்தது, பன்னிரண்டாம் வகுப்பில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காகப் பிரமாணப் பத்திரம், அலுவலகம் என்று அலைந்து, பல வாரம் தாமதமாகத்தான் வேலையில் சேர்ந்தார். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் அந்த ஒரு வாரத்தில் நீங்கள் பிள்ளையையும் பெற்றோரையும் அழைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறீர்களே, அது வெறும் எழுத்து வேலை இல்லை. ஆறு ஆண்டு கழித்து ஒரு வேலையைக் காப்பாற்றும் வேலை.

கடைசியாக, எல்லோருக்கும் ஒன்று. உங்கள் பழைய மாணவர்கள் உங்களுக்குப் போன் செய்வார்கள். "சார், சென்னையில பெரிய கம்பெனியில வேலை, ஆனா முப்பதாயிரம் டெபாசிட் கட்டச் சொல்றாங்க" என்பார்கள். கட்டாதே என்று உடனே சொல்லுங்கள். முறையான பெரிய நிறுவனம் எதுவும் வேலை தருவதற்குப் பணம் கேட்காது. பணி நியமனக் கடிதம் வந்திருந்தால், நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் கேட்க ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, கேட்க இருக்கும் ஒரே படித்த மனிதர் பெரும்பாலும் அவருடைய ஆசிரியர்தான். வேலை கிடைக்காதவர்களும் கூப்பிடுவார்கள். "இன்னும் கிடைக்கலையா?" என்று கேட்காதீர்கள். "எதுவரைக்கும் போன, எங்க நின்ன?" என்று கேளுங்கள். மூன்று முறை தோற்ற காலத்தில் என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், குழு விவாதத்தில் வாய் திறக்காததும், தெரியாததை மறைத்ததும், மல்லாட்டைக்குச் சொல் வராததும் மூன்றும் ஒரே குறைதான் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்கும்.

அப்பாவிடம் அந்தக் 'கஷ்டமான கேள்வி' எது என்பதை வேலை கிடைத்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் சொன்னேன். கல்விக் கடனின் கடைசித் தவணை கட்டிய நாள் அது. கேட்டுவிட்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?" என்றார். சொன்னேன். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நாளைக்கு உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தன் வீட்டைப் பற்றி, நிலத்தைப் பற்றி, கடையைப் பற்றி ஏதாவது சொல்லும். பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல்கூட இருக்கலாம். உட்காரச் சொல்வதற்கு முன்னால், "அப்புறம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். "ஏன்?" என்று இன்னொன்று கேளுங்கள். உட்கார்ந்தபடியே பதில் சொல்லட்டும்.